வலக்கை நேர்க்குத்தில் உடல் எடை எங்கே நிற்க வேண்டும்?

தெம்பனிஸ் இளையர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தேசிய சேவையை முடித்த பிறகு குத்துச்சண்டை கற்கத் தொடங்கியவன் நான். வலக்கைப் பழக்கம் உள்ளவன் என்பதால் இடக்காலை முன்னே வைத்து நிற்கிறேன். முன்னே உள்ள இடக்கையால் விடும் நேர்க்குத்தாகிய ஜேப் ஓரளவு கைவந்துவிட்டது. வலக்கை நேர்க்குத்தாகிய கிராஸைப் பற்றித்தான் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது.

என் எடை 74 கிலோ. என்னோடு பயிலும் நண்பர் 61 கிலோவுக்கு மேல் இருக்கமாட்டார். இருந்தும் அவர் வலக்கையால் குத்தும்போது குத்துப்பை அதிகம் ஆடாமல், குத்து விழுந்த இடத்தில் மடங்கி அதிர்கிறது. நான் குத்தும்போது பை பின்னால் போய்த் திரும்பி வருகிறது. சத்தமும் மந்தமாகவே இருக்கிறது. எடை கூடிய ஒருவரின் குத்து எடை குறைந்தவரின் குத்தைவிட ஏன் இலேசாக இருக்க வேண்டும்?

எங்கள் கூடத்தில் இரு பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். "உடல் எடை முழுவதையும் குத்துக்குள் கொண்டு வா" என்று ஒருவர் சொல்கிறார். "முன்னால் சாயாதே, எடையை இரு கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொள்" என்று மற்றவர் சொல்கிறார். முதலாமவர் சொல்வதைச் செய்தால் இரண்டாமவர் சொல்வதை எப்படிச் செய்வது என்று புரியவில்லை. காணொளிகளிலும் சிலர் இரு கால்களிலும் சம எடை வேண்டும் என்கிறார்கள். சிலர் பின்காலில் 60 விழுக்காடு வேண்டும் என்கிறார்கள். பின்காலின் குதிகாலைச் சுழற்றுவதுதான் வலிமையின் ஊற்று என்றும் ஒருவர் விளக்கினார்.

கிராஸை விட்ட பிறகு, இடக்கையைப் பக்கவாட்டில் வளைத்துக் குத்தும் ஹூக்கைத் தொடர்ந்து விடுவதற்கு எனக்கு ஒரு கணம் தாமதமாகிறது. அந்தத் தாமதத்துக்கும் எடை நிற்கும் இடத்துக்கும் தொடர்பு உண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஈசூன் பயிற்றுநர்

தம்பி, உங்கள் பயிற்றுநர்கள் இருவரும் ஒன்றுக்கொன்று முரணாக எதையும் சொல்லவில்லை. ஒருவர் குத்து சென்று சேரும் கணத்தில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்கிறார். மற்றவர் அதற்கு முன்னும் பின்னும் உங்கள் உடல் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறார். இந்த இரண்டையும் இணைக்கும் நடுப்பகுதி, அதாவது எடை எந்த வழியாக நகர வேண்டும் என்பது உங்களுக்கு இன்னும் சொல்லித்தரப்படவில்லை என்றே நினைக்கிறேன்.

புதிதாகப் பயில்பவரிடம் எடையைக் குத்துக்குள் போடச் சொன்னால், அநேகமாக அவர் தலையையும் மார்பையும் முன்னே கொண்டுபோவார். இடுப்பு பின்தங்கிவிடும்; மூக்கு முன்முழங்காலைத் தாண்டிவிடும்; பின்கால் தரையைவிட்டு எழும்பும் அல்லது தரையில் இழுபடும். அந்த நிலையில் எடை முன்னே வந்திருப்பது உண்மைதான், ஆனால் அது முன்காலின் விரல்கள் வழியாகத் தரைக்குப் போகிறதே தவிர கைமுட்டிக்குப் போகவில்லை. பை ஊசலாடுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். நீங்கள் பையை அடிப்பதைவிட அதிகமாகத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

கிராஸ் தொடங்கும் இடம் பின்காலின் முன்பாதம். நிற்கும் நிலையில் இரு கால்களிலும் ஏறக்குறைய சமமான எடை இருக்கட்டும். பின்காலில் சற்றே கூடினாலும் குற்றமில்லை. இந்த விழுக்காட்டுக் கணக்கில் அதிகம் மனத்தைச் செலுத்த வேண்டாம். எந்தத் திசைக்கும் உடனே அடியெடுத்து வைக்க முடிகிறதா என்பதுதான் சரியான நிலைக்குச் சான்று. அங்கிருந்து பின்காலின் பாதம் தரையைப் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் அழுத்துகிறது, அந்த அழுத்தம் வல இடுப்பை முன்னே திருப்புகிறது, இடுப்பு திரும்பத் தொடங்கிய பிறகே மார்பும் தோளும் திரும்புகின்றன, தோள் முன்னே வந்த பிறகே முழங்கை முழுமையாக நீள்கிறது, கடைசிக் கணத்தில்தான் கைமுட்டி உள்நோக்கித் திரும்பி இறுகுகிறது. வரிசை கலைந்து கை முதலில் கிளம்பிவிட்டால், காலும் இடுப்பும் பின்னால் ஓடிவந்து சேர்வதற்குள் குத்து முடிந்துபோயிருக்கும்.

பெரும்பாலான விளக்கங்கள் பின்காலோடு நின்றுவிடுகின்றன. முன்கால் செய்யும் வேலை அதைவிடக் கவனிக்கப்பட வேண்டியது. வல இடுப்பு முன்னே சுழல வேண்டுமானால் இட இடுப்பு ஓரிடத்தில் நிலைக்க வேண்டும். கீல் ஆடாமல் இருந்தால்தான் கதவு வேகமாக அறைந்து சாத்தும். கீலும் சேர்ந்து நகர்ந்தால் கதவு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போகும். கிராஸில் உங்கள் இடக்காலும் இட இடுப்பும் அந்தக் கீல். குத்து சேரும் கணத்தில் இடமுழங்கால் மேலும் மடங்கி முன்னே வழுக்கிப் போகிறது என்றால் சுழற்சிக்கு அச்சு இல்லாமல் போய்விடுகிறது. அந்த முழங்கால் சற்று மடங்கிய நிலையில் உறுதியாக நின்று, முன்னே வரும் உடலைத் தடுத்து நிறுத்த வேண்டும். அந்தத் தடுப்பினால்தான் முன்னே வந்த இயக்கம் சுழற்சியாக மாறித் தோளுக்கும் கைக்கும் போகிறது.

குத்து முடியும்போது எடையின் பெரும்பகுதி முன்காலுக்கு வந்திருக்கும், வரவும் வேண்டும். ஆனால் அது முன்காலின் எல்லைக்குள் வந்து நிற்க வேண்டும், எல்லையைத் தாண்டி விழக்கூடாது. இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கிராஸை மெதுவாக விட்டு, கை முழுதும் நீண்ட நிலையில் அப்படியே நில்லுங்கள். அந்த நிலையிலிருந்து எதையும் சரிசெய்துகொள்ளாமல் ஒரு ஹூக் விட முடிய வேண்டும், பின்னால் ஓர் அடி வைக்கவும் முடிய வேண்டும். இரண்டில் எதைச் செய்வதற்கும் முதலில் உடலைப் பின்னே இழுக்க வேண்டியிருந்தால், எடை எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். நீங்கள் குறிப்பிடும் தாமதம் அந்த இழுப்புக்கு ஆகும் நேரம்தான்.

இரு பயிற்சிகளைச் சொல்கிறேன். முதலாவது, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, கால், இடுப்பு, தோள் என்ற வரிசையை மட்டும் மெதுவாகச் செய்வது. கை இல்லாதபோது உடல் ஏமாற்ற இடமில்லை. இரண்டாவது, கிராஸ் முடிந்த நிலையில் நின்று, உங்கள் கைமுட்டியை நண்பரை உள்ளங்கையால் மெல்ல அழுத்தச் சொல்வது. அவர் தரும் அழுத்தம் தோள், இடுப்பு வழியாகப் பின்பாதத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டும். தோள் பின்னே போனால் இணைப்பு தோளில் அறுந்திருக்கிறது; இடுப்பு பின்னே போனால் அங்கே அறுந்திருக்கிறது. ஆயிரம் குத்துகள் விட்டாலும் தெரியாத குறை இந்த ஓர் அழுத்தத்தில் தெரிந்துவிடும்.

எடையைப் பற்றி ஒன்று. சிங்கப்பூரைப் பிரதிநிதித்து 1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் போட்டியிட்டு, 1974ஆம் ஆண்டு கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டுகளில் வெண்கலம் வென்ற சையது அப்துல் காதிர், 48 கிலோ எல்லைகொண்ட லைட் ஃபிளைவெயிட் பிரிவைச் சேர்ந்தவர். அன்றைய எடைப்பிரிவுகளில் அதுவே ஆகக் குறைந்தது. நம் ஊர்க் குத்துச்சண்டையில் பெருமையோடு சொல்லப்படும் பெயர் அந்தப் பிரிவிலிருந்துதான் வந்திருக்கிறது என்பதை இளையர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஜூரோங் இயந்திரவியலர்

மேலே சொல்லப்பட்டதற்கு அளவீடுகள் என்ன சான்று தருகின்றன என்பதைச் சேர்க்க விரும்புகிறேன். பொறியியல் கற்பிப்பவன் என்ற முறையில் இத்துறை ஆய்வுகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன்.

74 கிலோ எடையுள்ள ஒருவர் அசையாமல் நிற்கும்போது தரையில் செலுத்தும் விசை ஏறக்குறைய 726 நியூட்டன். 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், விசையை அளக்கும் கருவியின்மீது பின்கையால், அதாவது பின்னே நிற்கும் பக்கத்துக் கையால் குத்தியபோது, உயர்நிலை வீரர்களின் உச்ச விசை சராசரியாக 4,800 நியூட்டனாகவும், புதியவர்களின் விசை சராசரியாக 2,381 நியூட்டனாகவும் இருந்தது. முன்னே நிற்கும் பக்கத்துக் கையில் இதே எண்கள் முறையே 2,847, 1,604. புதியவரின் பின்கைக் குத்துகூட உங்கள் உடல் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேலான விசையைத் தருகிறது. ஆகவே குத்தின் விசை உடலைச் சாய்த்து அதன் பாரத்தை ஏற்றுவதால் வருவதில்லை. வேகமாக வரும் ஒரு பொருள் மிகக் குறுகிய நேரத்தில் தடுத்து நிறுத்தப்படுவதால் வருகிறது.

2005ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு, பல எடைப்பிரிவுகளைச் சேர்ந்த 7 ஒலிம்பிக் வீரர்களை மனித உருவப் பொம்மையின் முகத்தில் குத்தச் செய்தது. கையின் வேகம் சராசரியாக விநாடிக்கு 9.14 மீட்டர். உச்ச விசை 3,427 நியூட்டன். மோதலில் உண்மையில் பங்கெடுத்த நிறையைக் கணக்கிட்டபோது அது சராசரியாக 2.9 கிலோ மட்டுமே. மனிதரின் ஒரு கை முழுவதும் உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு. உங்களுக்கு அது 3.7 கிலோ வரை இருக்கும். அதாவது ஒலிம்பிக் வீரர்களின் குத்திலும் உடல் முழுவதும் போய் மோதவில்லை, ஒரு கையின் நிறைக்கும் சற்றுக் குறைவான அளவே மோதியிருக்கிறது. 74 கிலோவையும் கைமுட்டியில் ஏற்ற முயல்வது இயலாத காரியம் என்பதை இது காட்டுகிறது.

அப்படியானால் மற்ற உடல் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. கைக்கு வேகத்தைக் கொடுப்பது முதல் வேலை. மோதும் கணத்தில் மணிக்கட்டு, முழங்கை, தோள் ஆகிய மூட்டுகள் தளராமல் பிடித்துக்கொண்டு, அந்த 2.9 கிலோ 1 கிலோவாகக் குறைந்துவிடாமல் காப்பது இரண்டாவது வேலை. நண்பரைக் கைமுட்டியில் அழுத்தச் சொல்லும் பயிற்சி இந்த இரண்டாவது வேலைக்கானது என்பதால் அதை நான் மனமார வரவேற்கிறேன்.

கால்களின் பங்கைப் பற்றி 1985ஆம் ஆண்டில் சோவியத் ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. பல தரங்களைச் சேர்ந்த 120 வீரர்களின் வலக்கை நேர்க்குத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள். மிக உயர்ந்த தரத்தினரின் குத்தில் கால்களின் பங்கு 38 விழுக்காட்டுக்குச் சற்று மேல், உடலின் சுழற்சி 37 விழுக்காடு, கையை நீட்டுவது 24 விழுக்காடு. தொடக்கத் தரத்தினரின் குத்தில் கால்களின் பங்கு 17 விழுக்காட்டைத் தொடவில்லை. கையின் பங்கு 38 விழுக்காடு. உங்கள் நண்பர் 13 கிலோ குறைவாக இருந்தும் கனமாகக் குத்துவதற்கான விடை பெரும்பாலும் இங்கே இருக்கிறது.

பை ஆடுவதற்கும் அதிர்வதற்கும் உள்ள வேறுபாட்டையும் விளக்கிவிடுகிறேன். விசையை நேரத்தால் பெருக்கினால் கிடைப்பது கணத்தாக்கு. நீண்ட நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும் மிதமான விசையும், மிகக் குறுகிய நேரம் செயல்படும் பெரிய விசையும் ஒரே கணத்தாக்கைத் தர முடியும். முதலாவது பையை நகர்த்தும்; இரண்டாவது பையின் பரப்பை உள்ளே மடக்கும். 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில், அப்போது உலகத் தரவரிசையில் இருந்த ஃபிராங்க் புருனோவின் குத்து அளக்கப்பட்ட கட்டுரை வெளிவந்தது. கிளம்பிய 0.1 விநாடிக்குள், விநாடிக்கு 8.9 மீட்டர் வேகத்தில் சென்று மோதிய அந்தக் குத்தின் உச்ச விசை 4,096 நியூட்டன். ஏறக்குறைய அரை மீட்டர் தூரத்தில் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கிறது. ஆகவே குத்து பையைத் தொட்டதும் கையைத் திருப்பி எடுக்கும் பழக்கம் வெறும் தற்காப்புக்காக மட்டும் அன்று. தொடுநேரத்தைக் குறைத்து, தள்ளுதல் என்ற பழக்கத்தையே அது ஒழிக்கிறது.

இன்னொன்று. 2010ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, கலப்புத் தற்காப்புக் கலையில் சிறந்து விளங்கும் வீரர்கள் அடிக்கும்போது தசைகள் இருமுறை இறுகுவதைப் பதிவுசெய்தது. இயக்கத்தைத் தொடங்கும்போது ஓர் இறுக்கம், இடையில் தளர்வு, மோதும்போது மீண்டும் ஓர் இறுக்கம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை இறுக்கமாகவே வைத்திருக்கும் கை வேகம் பிடிக்காது. தோளை உயர்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு குத்துபவர்களின் கையில் அந்த நடுத் தளர்வு இருக்காது. முழு பலத்தோடு குத்துவதாக அவர்கள் உணர்ந்தாலும் வேகம் ஏற்கெனவே குறைந்திருக்கும்.

தெம்பனிஸ் இளையர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஈசூன் அண்ணன் சொன்ன சோதனையைச் செய்து பார்த்தேன். நண்பர் அழுத்தியபோது என் இடுப்புதான் பின்னே போயிற்று. கிராஸ் முடிந்த நிலையில் பின்னால் அடி வைப்பதும் உடனே முடியவில்லை.

குதிகாலைச் சுழற்றுவதைப் பற்றி மட்டும் இன்னும் ஐயம் இருக்கிறது. குதிகாலை முடிந்தவரை வெளியே திருப்ப வேண்டும் என்று கேட்டதால் அப்படியே செய்துவந்தேன். கூடத்தில் பிடிப்பு அதிகமுள்ள ரப்பர் விரிப்பும், வீட்டுக்குக் கீழே புளோக்கின் கீழ்த்தளத்தில் வழவழப்பான சிமெண்டுத் தரையும் இருப்பதால் இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி சுழற்ற முடிவதில்லை. ரப்பர் விரிப்பில் பயின்ற நாள்களில் வலமுழங்காலின் உட்புறத்தில் இலேசான வலி இருக்கிறது.

புக்கிட் பாத்தோக் இயன்மருத்துவர்

தம்பி, முழங்காலின் உட்புற வலியை ஒதுக்கிவிட வேண்டாம். வீக்கம் இருந்தாலும், முழங்கால் சிக்கிக்கொள்வது போலவோ நழுவுவது போலவோ தோன்றினாலும், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரை நேரில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் காரணம் நீங்களே எழுதியிருப்பதுதான்.

முழங்கால் முக்கியமாக மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. அது முறுக்கத்தைத் தாங்கும் அளவு மிகக் குறைவு. சுழல்வதற்கென்று அமைந்தது அதற்கு மேலே உள்ள இடுப்பு மூட்டு. குத்தில் இடுப்பு திரும்பும்போது பாதமும் சேர்ந்து திரும்பினால் முழங்காலுக்குச் சுமை இல்லை. பாதம் ரப்பர் விரிப்பில் ஒட்டிக்கொண்டு நிற்க, மேலே இடுப்பு மட்டும் திரும்பினால், அந்த வேறுபாடு முழுவதையும் முழங்கால் ஏற்க வேண்டியிருக்கிறது. ஆகவே பின்குதிகால் எப்போதும் தரையைவிட்டுச் சற்று உயர்ந்தே இருக்கட்டும்; உடலைத் தாங்குவது முன்பாதமாக இருக்கட்டும்; முழங்கால் எந்தத் திசையை நோக்குகிறதோ அதே திசையைப் பாதத்தின் விரல்களும் நோக்கட்டும். இந்தக் கடைசி விதி ஒன்றைக் கடைப்பிடித்தாலே பெரும்பாலான முழங்கால் தொல்லைகள் வருவதில்லை.

குதிகாலை முடிந்தவரை வெளியே திருப்புவது தேவையற்றது என்பது மட்டுமன்று, அது குத்தைக் கெடுக்கவும் செய்கிறது. குதிகாலின் திருப்பம் இடுப்புத் திரும்பியதன் விளைவு. இடுப்பு திரும்பாமல் குதிகாலை மட்டும் சுழற்றுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாதம் அழகாகத் திரும்பும், ஆனால் தரையை அழுத்தியிருக்க வேண்டிய நேரத்தில் அது தரைமீது வழுக்கிக்கொண்டிருக்கும். முதலில் அழுத்துங்கள். இடுப்பு திரும்பும் அளவுக்குக் குதிகால் தானாகவே திரும்பட்டும்.

நீண்ட நேரம் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இடுப்பு மூட்டின் உட்சுழற்சி குறைந்திருப்பது உண்டு. கிராஸ் முடியும் நிலையில் முன்காலின் இடுப்பு மூட்டுக்கு அந்த உட்சுழற்சி மிகவும் தேவை. அது போதாதபோது, உடல் குறையை ஈடுகட்ட இடுப்பெலும்பைத் திருப்புவதை விட்டுவிட்டுக் கீழ்முதுகைத் திருப்பும், அல்லது முன்னே சாயும். உங்கள் சாய்வுக்குக் காரணம் பழக்கமா, இடுப்பின் இறுக்கமா என்று தெரிந்துகொள்வது நல்லது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்காலை அசைக்காமல் பாதத்தை வெளிப்பக்கமாக உயர்த்திப் பாருங்கள். இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் முதலில் அதைக் கவனிக்க வேண்டும்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரின் ஈரப்பதத்தில் சில சுற்றுகள் முடிவதற்குள் பையைச் சுற்றி வியர்வை தேங்கிவிடுகிறது. வழுக்கும் இடத்தில் பின்கால் அழுத்தவே முடியாது. உடல் அதை உணர்ந்துகொண்டு கையால் மட்டும் குத்தப் பழகிவிடும். சுற்றுகளுக்கு இடையே தரையைத் துடையுங்கள். கீழ்த்தளத்துச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு பயில வேண்டாம். ஓடுவதற்கான காலணியில் தடித்த, மென்மையான அடிப்பாகம் இருப்பதால் பாதம் அதில் அமுங்கிப் பக்கவாட்டில் சரிகிறது. தட்டையான, மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணியே ஏற்றது.

கால்களின் பங்கு கூடக்கூட மணிக்கட்டுக்கு வரும் சுமையும் கூடும். சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் கணுக்கள் முன்கை எலும்புகளோடு நேர்கோட்டில் இருக்கும்படி குத்துங்கள். சிறுவிரல் பக்கம் மோதினால் அந்த விரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி முறிவது மிகவும் பழக்கமான காயம்.

தோ பாயோ மூத்தவர்

நான் பழைய தலைமுறையைச் சேர்ந்தவன். ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டை நடந்த காலத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன். இங்கே எழுதியவர்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சாயவே கூடாது, விழவே கூடாது என்று அழுத்திச் சொல்லும்போது ஓர் உண்மை விடுபட்டுப்போகிறது.

1919ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி டொலிடோ நகரில் ஜெஸ் வில்லார்டை வென்று உலகக் கனரகப் பட்டத்தைப் பெற்ற ஜாக் டெம்சி, தம்மைவிட மிகவும் உயரமும் எடையும் கொண்ட ஒருவரைத்தான் அன்று வீழ்த்தினார். அவர் பிற்காலத்தில் கற்பித்த முறையில் விழும் அடி என்பதே முதற்பாடம். முன்காலை இலேசாகத் தூக்கியதும் உடல் முன்னே விழத் தொடங்கும். அந்த விழுதலின்போதே, முன்கால் தரையில் அழுந்துவதற்குமுன் குத்து போய்ச் சேர வேண்டும். கால் முதலில் ஊன்றிவிட்டால் எடை தரைக்குப் போய்விடும் என்பது அவருடைய வாதம். ஜேப்பை ஓர் ஆயுதமாகவே பயன்படுத்த விரும்புகிறவர்களுக்கு இன்றைக்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. இயன்மருத்துவர் சொன்ன விரல் கணுக்களில்கூட டெம்சி வேறுபட்டார். வலிமை செல்லும் கோடு தோளிலிருந்து சிறுவிரலின் கணுவுக்குப் போவதாகவே அவர் கற்பித்தார். அதில் நான் மருத்துவர் பக்கமே நிற்கிறேன்.

தூரத்தைக் கடந்து போய்க் குத்தும்போது விழும் அடி வேண்டும். எதிராளி ஏற்கெனவே எட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஈசூன் பயிற்றுநர் சொன்ன நிலையான முன்காலும் சுழற்சியும் வேண்டும். இரண்டையும் ஒரே குத்தில் கலக்கப் பார்ப்பவர்கள்தான் தடுமாறுகிறார்கள்.

ஹூக்கைப் பற்றிக் கேட்டீர்கள். 1971ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் தேதி மேடிசன் ஸ்குவேர் கார்டனில், 15ஆம் சுற்றில் முகம்மது அலியைத் தரையில் வீழ்த்திய ஜோ ஃபிரேசரின் இடக்கை ஹூக்கை மெதுவான வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். கையைப் பார்க்காதீர்கள், முன்காலைப் பாருங்கள். அவர் இடக்காலில் எடையை ஏற்றி, முழங்காலை மடக்கி, அங்கிருந்து தரையைத் தள்ளி எழும்புகிறார்.

ஈசூன் பயிற்றுநர்

ஐயா சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் தம்பி இப்போது நிற்கும் கட்டத்தில் விழும் அடியை ஜேப்புக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். கிராஸில் அதைச் சேர்த்தால் பழைய சாய்வு வேறு பெயரில் திரும்பிவரும்.

தம்பி, ஐயா காட்டிய ஃபிரேசரின் முன்கால்தான் உங்கள் தாமதத்துக்கும் விடை. கிராஸ் ஒழுங்காக முடிந்தால் எடை உங்கள் இடக்காலுக்கு வந்து, இட இடுப்பு மடங்கி, முழங்கால் மடங்கிய நிலையில் நின்றிருக்கும். ஹூக்குக்குத் தேவையான தயார்நிலை அதுவேதான். நீங்கள் தனியாக எதையும் தயார் செய்ய வேண்டியதில்லை. இடப்பாதம் தரையை அழுத்த, இட இடுப்பு வலப்பக்கமாகத் திரும்ப, எடை மீண்டும் பின்காலை நோக்கிப் போகும்போது ஹூக் கிளம்பும். முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தில், கைமுட்டியின் உயரத்திலேயே இருக்கட்டும். எடையை முழுவதும் பின்காலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சிலரும், முன்காலிலேயே நிறுத்த வேண்டும் என்று சிலரும் கற்பிக்கிறார்கள். நெருக்கத்தில் முன்காலிலேயே நிற்பது நல்லது, சற்றுத் தள்ளி நின்று விட்டுவிட்டு விலக நினைத்தால் பின்காலுக்குப் போவது நல்லது என்பது என் கருத்து. கீழிருந்து மேல்நோக்கிக் குத்தும் அப்பர்கட்டுக்கும் இதே நியதிதான்: கையைக் கீழே இறக்காமல் முழங்காலை மடக்கி, தரையைத் தள்ளி எழும்ப வேண்டும்.

வரும் வாரங்களில் பையை முழு வலுவோடு குத்துவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். கிராஸும் ஹூக்கும் சேர்ந்த இணையைப் பாதி வேகத்தில் செய்யுங்கள்; கிராஸில் பை ஊசலாடத் தொடங்கினால் உடனே நிறுத்தி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு செய்யும் பயிற்சிக்குத் திரும்புங்கள். முழங்கால் வலி நீங்கும்வரை ரப்பர் விரிப்பின் ஓரத்தில், பிடிப்புக் குறைந்த இடத்தில் நின்று பயிலுங்கள். கைப்பேசியில் காணொளி எடுக்கும்போது உங்கள் இடப்பக்கத்திலிருந்து, இடுப்பு உயரத்தில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். முன்னாலிருந்து எடுத்தால் மூக்கு முழங்காலைத் தாண்டுகிறதா என்பது தெரியாது; பின்குதிகாலும் மறைந்துவிடும். அந்தக் காணொளியை இங்கே பதிவேற்றினால், எந்தக் கணத்தில் இடமுழங்கால் வழுக்குகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.